படிவம் ஒன்று சொல்கிறது, பிரெய்ன் மேப்பிங் வேறொன்று சொல்கிறது: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு குழந்தைகள், வேலைக்கும் போகிறேன். சின்ன விஷயத்துக்குக்கூடக் கோபம் சுள்ளென்று ஏறிவிடுகிறது. கத்தித் தீர்த்துவிட்டு, அப்புறம் இரவு முழுக்க 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று அழுகிறேன். யாரையும் அடித்ததில்லை. என்னை நானே எதுவும் செய்துகொண்டதும் இல்லை. ஒரு சண்டை முடிந்த இரவில், இணையத்தில் கிடைத்த 'டெர்ஸ்' என்ற 36 கேள்விப் படிவத்தை நிரப்பிக் கூட்டிப் பார்த்தேன். 137 வந்தது. பயந்துபோய் ஒரு மையத்தில் 'பிரெய்ன் மேப்பிங்' எடுத்தேன். படம் முழுக்கப் பச்சை. 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் 20 அமர்வு நியூரோஃபீட்பேக் பயிற்சிக்கு, அதாவது மூளை அலைகளைத் திரையில் பார்த்தபடியே அவற்றை மாற்றப் பழகும் பயிற்சிக்கு, வரச் சொல்கிறார்கள். "மிஷின் பொய் சொல்லாது, நீயாகத்தான் இல்லாததைக் கற்பனை செய்கிறாய்" என்கிறார் கணவர். இரண்டில் எது உண்மை? எஃப்எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடுமா? படிவத்தையும் ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: படிவத்தை அனுப்பியது நல்லதாயிற்று. முதல் வேலையாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 137 இல்லை, 113தான் வருகிறது.

இது நிறையப் பேர் செய்கிற தவறு. அந்த 36 கேள்விகளில் 11 கேள்விகளுக்குத் தலைகீழாக மதிப்பெண் போட வேண்டும். 'என் மனதில் என்ன ஓடுகிறது என்று கவனிப்பேன்' என்கிற மாதிரியான வாக்கியங்கள் அவை. அதற்கு நீங்கள் 'ஏறக்குறைய எப்போதும்' என்று 5 போட்டால், அது சிக்கலுக்கு அடையாளம் இல்லை, நல்ல பழக்கம். ஆகவே கணக்கில் 5 என்பது 1 ஆக வேண்டும், 4 என்பது 2 ஆக வேண்டும். நீங்கள் நேராகவே கூட்டிவிட்டீர்கள். உங்களிடம் இருக்கும் நல்ல பழக்கங்களுக்கு நீங்களே அபராதம் போட்டுக்கொண்ட மாதிரி. மொத்தம் 24 மதிப்பெண் அபராதம்!

சரி, 113 என்றால் என்ன? கிம் கிராட்ஸ், லிசபெத் ரோமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட படிவம் இது. உணர்ச்சியைக் கையாள்வதில் ஒருவருக்கு எங்கே, எவ்வளவு சிரமம் என்று அவரையே கேட்கிறது. குறைந்தபட்சம் 36, அதிகபட்சம் 180. எண் ஏற ஏறச் சிரமம் அதிகம். அவர்கள் முதலில் சோதித்துப் பார்த்த கல்லூரி மாணவர்களிடம் சராசரி 80-ஐ ஒட்டி இருந்தது. ஆக உங்கள் எண் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த எண்ணுக்கு மேல் போனால் நோய், கீழே இருந்தால் சுகம் என்று அவர்கள் கோடு எதுவும் கிழிக்கவில்லை. தேர்வு மதிப்பெண் மாதிரி இதைப் படிக்கக் கூடாது.

உண்மையில் நான் மொத்த எண்ணை அவ்வளவாகப் பார்ப்பதே இல்லை. படிவத்துக்குள் ஆறு பிரிவுகள் ஒளிந்திருக்கின்றன. விஷயம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் விடைகளைப் பிரித்துப் போட்டபோது இப்படி வந்தது. தன் உணர்ச்சியைக் கவனிப்பதில் சிரமம்: 30-க்கு 10. என்ன உணர்ச்சி என்று தெளிவாகச் சொல்வதில் சிரமம்: 25-க்கு 9. இரண்டும் குறைவு. அதாவது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. மனம் கொதிக்கும்போது கைவேலையைத் தொடர்வதில் சிரமம் 25-க்கு 18, அந்த நேரத்தில் தன்னைக் கட்டுப்படுத்துவதில் 30-க்கு 20. இவை நீங்கள் கடிதத்தில் எழுதியதுதான். 'இதிலிருந்து மீள என்னிடம் வழியே இல்லை' என்ற எண்ணத்தை அளக்கும் பிரிவில் 40-க்கு 30. கடைசியாக, தனக்கு வந்த உணர்ச்சியைத் தானே ஏற்க முடியாமல் போவது: 30-க்கு 26.

இந்தக் கடைசிப் பிரிவில்தான் நான் நெடுநேரம் நின்றேன். மனம் கலங்கும்போது, அப்படிக் கலங்கியதற்காகவே குற்ற உணர்ச்சி வருகிறதா என்று கேட்கும் வரியில் 5-ஐ வட்டமிட்டு, அதன் மேலேயே பேனாவை இன்னும் இரண்டு முறை சுழற்றியிருக்கிறீர்கள். காகிதம் கிழிகிற அளவு அழுத்தம் தெரிகிறது. கத்துவது ஐந்து நிமிடம், அதற்காக உங்களை நீங்களே வறுத்தெடுப்பது ஐந்து மணி நேரம். தூக்கம் கெட்டு, மறுநாள் காலையில் பொறுமை இன்னும் கொஞ்சம் கரைந்திருக்கும். அப்போது அடுத்த சத்தத்துக்கு அதிகம் தேவைப்படாது. இந்தச் சுழலை உங்கள் படிவம் காட்டுகிறது. எந்தத் தலைப் படமும் இதைக் காட்டியிருக்காது.

அதற்காகப் படிவத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். சண்டை முடிந்த இரவில் நிரப்பியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் 'நான் எப்போதும் இப்படித்தான்' என்றுதான் தோன்றும். அமைதியாகக் கடந்துபோன 20 நாட்கள் நினைவுக்கே வராது. அப்புறம் அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறும். தன்னைக் கறாராக எடைபோடுகிறவர் 5 போடும் இடத்தில், தினமும் தட்டை வீசியெறிகிறவர் 2 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'உன் உணர்ச்சியை நீ கவனிக்கிறாயா' என்ற கேள்விக்கு, கவனிக்கவே தெரியாத ஒருவர் என்ன பதில் எழுதுவார்? கவனிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். படிவத்தின் ஆறு பிரிவுகளில் இந்தக் கவனிப்புப் பிரிவு மட்டும் மற்ற ஐந்தோடு சரியாக ஒட்டுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. 2016-இல் வந்த 16 கேள்விச் சுருக்கப் படிவத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

இனி அந்தப் பச்சைப் படத்துக்கு வருவோம். ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பாருங்கள்: கண் மூடியபடி 5 நிமிடம், கண் திறந்தபடி 5 நிமிடம். அவ்வளவுதான் எடுத்திருக்கிறார்கள். இது ஈஈஜி. மண்டையோட்டின் மேல் மின்முனைகளை வைத்து, உள்ளே எழும் மின்னலைகளைப் பதிவு செய்வது. ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனிதர்களிடம் பதிவு செய்த அதே சங்கதிதான். இன்று அதைக் கணினியில் போட்டு, மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டு, சராசரியை ஒட்டி இருந்தால் பச்சை, விலகினால் வேறு நிறம் என்று வண்ணம் தீட்டித் தருகிறார்கள்.

அந்த 10 நிமிடமும் உங்களை யாரும் சீண்டவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் அவசரப்படுத்தவில்லை, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நாற்காலியில் சாய்ந்து அமைதியாக இருந்த மூளை அமைதியாக இருந்தது என்று ரிப்போர்ட் சொல்கிறது. நிறுத்திவைத்த வண்டியைச் சுற்றி வந்துவிட்டு 'பிரேக் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தது மாதிரி. படம் தவறு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை.

கேட்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள். தலையில் தொப்பி மாதிரி மாட்டி, ஒவ்வொரு மின்முனைக்குள்ளும் பசை விட்டு, திரையில் மனதைச் சங்கடப்படுத்தும் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவார்கள். படம் தோன்றிச் சுமார் 300, 400 மில்லிசெகண்டிலேயே உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் ஓர் அலை மேலெழும்பி, படம் இருக்கும்வரை நீடிக்கும். பிந்திய நேர்மின் அலை என்று அதைச் சொல்லலாம். சாதாரண நாற்காலிப் படத்துக்குக் குறைவாகவும், விபத்துப் படத்துக்கு அதிகமாகவும் எழும். இப்போது பங்கேற்பவரிடம், 'இதே படத்தை வேறு விதமாக யோசித்துப் பாருங்கள். அடிபட்டவர் பிழைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். அலை தணியும். கிரெக் ஹாய்சாக், சாண்டர் நியூவன்ஹுய்ஸ் இருவரும் 2006-இல் இதைக் காட்டினார்கள். அழகான கண்டுபிடிப்புதான். ஆனால் அந்த அலையின் அளவு சில மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு. நீங்கள் கண் சிமிட்டினால் அதைவிடப் பெரிய அலை எழும். அதனால் படம் படமாகப் பல முறை காட்டிச் சராசரி எடுத்தால்தான் ஏதாவது தெரியும்.

எஃப்எம்ஆர்ஐ கேட்டிருந்தீர்கள். அது மின்னலையை அளப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி அதிகம் வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடுதலாகப் பாயும். காந்தப்புலத்தில் அந்த மாற்றம் தெரியும். ரத்தம் வந்து சேர நேரம் எடுப்பதால், நீங்கள் பதறிய கணத்துக்கு 5, 6 விநாடி கழித்துத்தான் சிக்னல் உச்சத்துக்கு வரும். இடம் நன்றாகத் தெரியும், நேரம் மங்கலாகத் தெரியும். ஈஈஜிக்கு நேர் எதிர். கெவின் ஆக்ஸ்னர், ஜேம்ஸ் கிராஸ் முதலியோர் 2002-இல் இதே 'வேறு விதமாக யோசி' பரிசோதனையை எஃப்எம்ஆர்ஐக்குள் செய்தார்கள். இந்த வகை ஆய்வுகள் 48-ஐ ஒன்றாகத் தொகுத்து 2014-இல் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே சித்திரம் கிடைத்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்கின்றன, அபாயத்தையும் முக்கியத்துவத்தையும் மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவின் வேகம் குறைகிறது.

இதைப் படித்தால், 'சரி, என் அமிக்டலா குறைகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டால் போச்சு' என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் படிக்கிற காலத்தில் தோன்றியது. கோளாறு அங்கேதான் இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் கூட்டத்தின் சராசரி. 20 பேர், 30 பேர் மூளையைச் சேர்த்து வைத்தால் தெரிகிற கோலம். ஒரே ஆளை மறுபடி ஸ்கேனுக்குள் படுக்க வைத்து அதே வேலையைக் கொடுத்தால் அதே அளவு வருகிறதா? இதைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்து 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. இரண்டு முறையும் அச்சு அசலாக ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொண்டால், வேலை கொடுத்து எடுக்கும் எஃப்எம்ஆர்ஐக்குக் கிடைத்தது சுமார் 0.4. கூட்டத்தைப் பற்றிப் பேச அது போதும். ஒரு தனி ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுத அது எனக்குப் போதாது.

நீங்கள் நிரப்பிய அந்தச் சாதாரணக் காகிதம் எவ்வளவு தெரியுமா? 4 முதல் 8 வாரம் இடைவெளியில் மறுபடி நிரப்பச் சொன்னபோது 0.88. உடனே கணவரிடம் காட்டி வெற்றிக்கொடி நாட்டிவிடாதீர்கள். அந்தக் கணக்கு வெறும் 21 பேரை வைத்து எடுத்தது. தவிர, திரும்பத் திரும்ப ஒரே பதில் வருகிறது என்பதால் அது சரியான பதில் என்றாகிவிடாது. தன்னைப் பற்றி ஒரே தப்பான அபிப்பிராயத்தை ஒருவர் இரண்டு மாதம் கழித்தும் அப்படியே வைத்திருக்கலாம்.

'மிஷின் பொய் சொல்லாது' என்பதற்கு வருகிறேன். மிஷின் பொய் சொல்லாதுதான். ஆனால் மிஷின் பேசுவதே இல்லை. அது எண்களைக் கொட்டும். தேவையில்லாத எந்தச் சிக்னலை வடிகட்டுவது, எந்த எல்லைக்கு மேல் போனால் 'இயங்குகிறது' என்று நிறம் போடுவது என்பதையெல்லாம் மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 ஆய்வுக்குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். முடிவு 2020-இல் வெளியானது. எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. சில கருதுகோள்களுக்குப் பதில்களும் கணிசமாக மாறின. இதற்கு முன்பே, கிரெய்க் பென்னட் என்பவரும் சக ஆய்வாளர்களும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'படத்தில் இருப்பவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்' என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிப்பதற்கான திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், மீனின் மூளையில் வண்ணப் புள்ளி ஒளிர்ந்தது. திருத்தம் செய்ததும் மறைந்துவிட்டது. 2009-இல் நடந்த இந்தக் குறும்புக்கு 2012-இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு அது. கணவரோடு சேர்ந்து சிரிக்க இது நல்ல கதை. சண்டை போட எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. எல்லாம் பச்சை, நார்மல் என்று எழுதிக் கொடுத்தவர்கள் 20 அமர்வுப் பயிற்சிக்கு எதற்காகக் கூப்பிடுகிறார்கள்? எதைச் சரிசெய்ய? இதைக் கேட்டுப் பதில் வாங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சரி, ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காகச் செய்தாலும்கூட மூளை அளவும் படிவமும் ஒத்துப்போகுமா? பல நேரம் மிகக் குறைவாகத்தான் ஒத்துப்போகின்றன. ஆரம்பத்தில் இது எங்கள் துறைக்கே தலைவலியாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் பெரிய மர்மம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று, 'இப்போது வேறு விதமாக யோசியுங்கள்' என்று சரியான நேரத்தில் சைகை கொடுக்கிறார். முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் படம். நீங்கள் தூங்கி எழுந்து, தயாராக வந்திருக்கிறீர்கள். அது 'உன்னால் முடியுமா' என்ற சோதனை. படிவம் கேட்பது 'வழக்கமாகச் செய்கிறாயா' என்று. வீட்டில், மாலை ஏழு மணிக்கு, களைத்துப்போன தலையோடு, சொந்தக் குழந்தை வீறிடும்போது சைகை கொடுக்க யார் இருக்கிறார்கள்? நீச்சல் தெரிந்தவர்கூட வெள்ளத்தில் தத்தளிப்பார். 'தெரியும்' என்பதும் உண்மை, 'தத்தளிக்கிறார்' என்பதும் உண்மை.

ஆகவே உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று சும்மா இருந்த மூளையின் 10 நிமிடம். இன்னொன்று உங்கள் சில மாதங்களைப் பற்றி நீங்கள் தந்த வாக்குமூலம், கொஞ்சம் கடுமையான வாக்குமூலம். மன உளைச்சல் எதையும் தனி ஆளிடம் கண்டறிய மூளைப் படத்தை நம்பலாம் என்ற நிலைக்கு மனநல மருத்துவம் இன்னும் வரவில்லை. இதற்காக எஃப்எம்ஆர்ஐ எடுக்க வேண்டாம். வலிப்பு, தலையில் அடி, புதிதாக வந்த கடும் தலைவலி, திடீரென்று ஆளே மாறிப்போன மாதிரி நடத்தை என்று ஏதாவது இருந்தால் அது வேறு கதை, நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

நான் உங்களிடம் எதிர்பார்க்கும் அளவீடு இன்னும் எளிமையானது. இரண்டு வாரத்துக்கு, கோபம் ஏறும் ஒவ்வொரு முறையும் அடங்கிய கையோடு போனில் நான்கு சொல் குறித்துக்கொள்ளுங்கள். மணி, என்ன நடந்தது, பத்துக்கு எத்தனை, அடங்க எவ்வளவு நேரம். கூடவே முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிடாய் எப்போது என்பதையும். கோபம் வராத நாளில் 'இன்று இல்லை' என்று எழுதுங்கள். அந்த வரி மிக முக்கியம். சண்டை முடிந்த இரவு உங்கள் நினைவிலிருந்து அழித்துவிடுவது அந்த நாட்களைத்தான். இந்தக் குறிப்பில் அநேகமாக ஒரு நேரமும் ஓர் இடமும் திரும்பத் திரும்ப வரும். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். சுரப்பு கூடினால் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தே வரும். அதை மனப் பிரச்சினை என்று நினைத்து மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள். உணர்ச்சியைக் கையாளும் திறன்களை ஒவ்வொன்றாகக் கற்றுத்தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) அவற்றில் பிரபலமானது. முதல் சந்திப்பிலேயே, 'எனக்குக் கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். அடக்குவதில் நீங்கள் ஏற்கெனவே வேண்டிய அளவு பாடுபட்டுவிட்டீர்கள். அந்த 30-க்கு 26-ஐக் காட்டி, 'கோபப்பட்ட பிறகு என்னை நானே விட்டுவிட மாட்டேன் என்கிறேன், இதற்கு என்ன செய்யலாம்' என்று கேளுங்கள். நடுவில் எப்போதாவது குழந்தை மேல் கை ஓங்கிவிடுவேனோ, என்னையே ஏதாவது செய்துகொள்வேனோ என்ற எண்ணம் வந்தால், இரண்டு வாரக் குறிப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் உங்களைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுமில்லை என்று காகிதம் சொன்னால் அவருக்கும் நிம்மதிதானே. ரிப்போர்ட்டை வைத்து அவரோடு வாதாடாமல், குறிப்பெடுக்கும் வேலையில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கு எத்தனை என்பதை அவரும் தனியாக எழுதட்டும், இரண்டு வாரம் முடியும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். நீங்கள் 9 போட்ட இடத்தில் அவர் 5 போட்டிருந்தால், அல்லது 5 போட்ட இடத்தில் அவர் 9 போட்டிருந்தால், அதையும் சைக்காலஜிஸ்ட்டிடம் எடுத்துப் போங்கள்.

எட்டு வாரம் கழித்து அதே படிவத்தை, சண்டை இல்லாத ஒரு பகல் வேளையில் மறுபடி நிரப்பி எனக்கு அனுப்புங்கள். கூட்டுவதற்கு முன்னால் அந்த 11 கேள்விகளை மட்டும் திருப்பிப் போட்டுவிடுங்கள்.